படித்துறைக் கல்லில் எழுத வேண்டியது

தம்பி, நீ ஊரிலிருந்து போட்ட கடிதம் கடல் தாண்டி இலங்கைக்கு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. பிரெஞ்சுத் தபால்தலை ஒட்டியிருந்ததால் லிந்துலைத் தபால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததில் சந்தோஷம். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை பெருமையாக இருந்தது. இரண்டாம் தடவை நடுவில் இரண்டு முறை கடிதத்தைக் கீழே வைத்தேன். மூன்றாம் தடவை அந்தக் கடைசி வரிக்கு வந்தபோது கோபம் வந்தது. அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டுவிடுவேன். உன் வயது எவ்வளவோ அவ்வளவு காலமாக நான் அதைத்தான் செய்து வருகிறேன்.

அரசலாற்றங்கரை அம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு வருகிறது, படித்துறையில் ஊரின் வரலாற்றைச் சொல்லும் கல் ஒன்று வைக்கப்போகிறோம், அதில் நம் குடும்பத்தின் பெயர்தான் முதலில் வரும் என்று எழுதியிருக்கிறாய். கல்லில் வெட்டப்போகும் வாசகத்தையும் அனுப்பியிருக்கிறாய். ஆற்றுக்குப் படித்துறை கட்டி, ஏழைகளுக்குப் பிழைப்புக் காட்டி, கடல் கடந்து ஊரின் பெயரை நாட்டிய குடும்பமாம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், கையெழுத்தும் அழகு. தாத்தாவைப் பற்றி இன்னும் நாலு வரி வேண்டும் என்று கேட்கிறாய். அப்பா வாங்கித் தந்த அட்டிகையைப் போட்டுக்கொண்டு பட்டுச் சேலையில் நான் வந்து, மேல்படியில் நின்று அந்தக் கல்லின் துணியை விலக்க வேண்டுமாம். அதெல்லாம் சரி. கடைசியில், எழுத மறந்ததை எழுதுவதுபோல ஒன்று எழுதியிருக்கிறாயே: தேயிலைத் தோட்டத்துக்கு மறுபடி ஆள் வேண்டும் என்று துரை சொல்லியிருக்கிறார், ஊரில் விளைச்சல் இல்லை, பதினைந்து குடும்பமாவது மனசு வைக்கும், ‘நீங்கள் வந்து நின்றாலே போதும், அம்மா’. அந்த வரிக்காகத்தான் மற்றதெல்லாம் என்று எனக்குத் தெரியாதா? ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கட்டி வந்து வேலை வாங்கிய ஒரு கங்காணியின் பெண்டாட்டி நான். இப்போது இன்னொரு கங்காணியின் அம்மா.

தாத்தாவைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். உன் அப்பா உனக்குச் சொன்ன ஊரை நான் கண்ணால் பார்த்ததில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் துரையிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்த நாளெல்லாம் உன்னை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஊர்ப் பெருமை பேசுவார். “நம்ம ஊரு வெள்ளைக்காரன் இந்த இங்கிலீசுக்காரன் மாதிரி இல்லடா. அங்க மண்ணு வெட்டுறவனையும் முசே, அதாவது ஐயான்னுதான் கூப்பிடுவான்” என்பார். நானும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்த ஊரில்தான் பிறந்தேன். மூன்று நிறக் கொடி பறந்தது உண்மை. மேர் என்கிற ஊர்த்தலைவரின் அலுவலகச் சுவரில் எல்லாரும் சமம், எல்லாரும் சகோதரர் என்று எழுதியிருந்ததும் உண்மை. அந்தச் சுவரைத் தாண்டி ஐம்பது அடி நடந்தால் ஆறு. ஆற்றில் மேலத்தெருக்காரர்கள் குளிக்கக் கற்படி, கீழத்தெருக்காரர்கள் இறங்கச் சேறு. என் அப்பாவை ஒருவரும் முசே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அடேய் என்றுதான் கூப்பிட்டார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஊர் எனக்குச் செய்த நல்லது அது ஒன்றுதான், அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா ஓடக்காரர் என்பது உனக்குத் தெரியும். யாரை ஏற்றிப் போனார் என்பது தெரியாது. உன் தாத்தா, அதாவது உன் அப்பாவைப் பெற்றவர், பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தீவுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகராக இருந்தார். மழை பொய்த்த வருஷங்களில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஜனங்கள் பசியோடு ஆற்றங்கரைக்கு வருவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீசுக்காரன் சீமையிலிருந்தும் வருவார்கள். உன் தாத்தா தன் வீட்டுக் கொட்டகையில் அவர்களைத் தங்க வைத்துச் சோறு போடுவார். பதினைந்து நாள் சோறு. பிறகு ஓடத்தில் ஏற்றிக் காரைக்கால் துறைமுகத்துக்கு அனுப்புவார். ஏற்றுகிறபோது கரை சேறாக இருந்ததால் பெண்களும் பிள்ளைகளும் வழுக்கி விழுந்தார்கள், நேரம் வீணாயிற்று. அதற்காகத்தான் அந்தப் படிகளைக் கட்டினார். ஓடம் அணைகிற இடத்தில் கடைசிப் படி மட்டும் அகலமாக இருக்கும், போய்ப் பார். குளிக்கிறதற்கு யாராவது அவ்வளவு அகலமாகப் படி கட்டுவார்களா?

துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, சொந்தச் சம்மதத்தோடுதான் போகிறாயா என்று துபாஷியை வைத்துக் கேட்க வேண்டும். அது அவர்கள் சட்டம். ஆகையால் உன் தாத்தா ஓடம் கிளம்புமுன் எல்லாரையும் படியில் உட்கார வைத்து, அங்க என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லணும் என்று பாடம் சொல்லிக் கொடுப்பாராம். ஆமாம் சொன்னவர்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து என் அப்பா பார்த்ததில்லை. அவர் இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், எனக்கு உன் அப்பா வீட்டில் சம்பந்தம் பேசிய மறுநாள். “பெரிய வீடும்மா, சோத்துக்குக் கவலையில்ல. ஆனா நான் தள்ளுன ஓடத்துலதான் அந்த வீடு எந்திரிச்சுது” என்றார். சொல்லிவிட்டு வலையைப் பிரிக்கப் போய்விட்டார். அவரும் அதில்தானே சாப்பிட்டார், அதற்கு மேல் என்ன பேசுவார்? எனக்கும் அப்போது பெரிய வீடு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. ஏழைகளுக்குப் பிழைப்புக் காட்டியவர் என்று நீ எழுதியிருப்பவர் இவர்தான்.

கப்பல்கள் நின்றுபோயின. உன் தாத்தா நொடித்தார். உன் அப்பா இலங்கைக்கு வந்து இந்த மலையில் கங்காணி ஆனார், என்னையும் கட்டிக்கொண்டு வந்தார். நான் வந்து இரண்டாம் வருஷம் துரை புதுக் காட்டை வெட்டித் தேயிலை வைத்தார், ஆள் வேண்டும் என்றார். உன் அப்பா ஊருக்குக் கிளம்பினார். இந்தத் தடவை நீயும் வா என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தங்கச்சியைப் பார்க்கலாமே! கிளம்புவதற்கு முதல் நாள் அடுத்த தோட்டத்துப் பெரிய கங்காணி வீட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரு அட்டிகை, ஒரு சோடி வங்கி, தங்க வளையல், அரக்குப் பட்டு. ஆள் கட்டப் போகிற கங்காணிமார் பெண்டாட்டிகள் எல்லாரும் முறை வைத்து அந்தப் பெட்டியைத்தான் ஊருக்குக் கொண்டு போனார்கள். எனக்கு முன்னால் அந்த அட்டிகை எத்தனை கழுத்து ஏறியதோ, சரடு நிறம் மாறிப் போயிருந்தது. என் கழுத்துக்குப் பெரிது. உன் அப்பாவே பின்னால் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினார். “நீ ஒண்ணும் பேச வேணாம். காலையில பொம்பளைங்க தண்ணிக்கு வர்ற நேரத்துல படித்துறையில நின்னாப் போதும்” என்றார். நின்றாலே போதும் என்று நீ எழுதியிருக்கிறாயே. உன் அப்பா உனக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ரத்தத்தில் வருகிறது போல.

நின்றேன். எட்டு நாள் காலையில் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்திருந்தது. சேற்றில் இறங்கிக் குளித்த ஓடக்காரன் மகள் மேல்படியில் நிற்கிறாள், ஒருவரும் போ என்று சொல்லவில்லை. பெண்கள் வளையலைத் தொட்டுப் பார்த்தார்கள். சேலையைப் பிடித்துப் பார்த்தார்கள். என் தங்கை பாக்கியம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது, பேச்சுக்குப் பேச்சு சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. “அக்கா, அங்க எல்லாருக்கும் இப்படித்தானா?” என்று கேட்டாள். சுற்றிலும் ஒன்பது பத்துப் பெண்கள். உன் அப்பா ஆலமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார், எங்களைப் பார்க்காத மாதிரி. நான் ஆமா என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. அந்த வாரத்தில் முப்பத்திரண்டு பேர் எங்களோடு கிளம்பினார்கள், பாக்கியமும் சேர்த்து. தோணியில் மன்னார்க் கரை, அங்கிருந்து காட்டு வழியே நடை. வழியில் நாலு பேரைப் புதைத்தோம். அட்டிகையைக் கழற்றி மடியில் முடிந்து வைத்துக்கொண்டுதான் நான் நடந்தேன். பாக்கியம் அதைப் பார்த்தாள்.

இங்கே வந்த மறுநாளே அந்தப் பெட்டி வந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. கங்காணியின் கொழுந்தியாள் என்று அவளை வீட்டில் வைத்துக்கொள்வார் என நினைத்தேன். உன் அப்பா அவள் பெயரையும் கூலிப் பேரேடான செக்ரோலில் பதிந்து மலைக்கு அனுப்பினார். மற்றவர்கள் பார்க்கிறார்கள், ஒரு கண்ணுக்கு வெண்ணெய் வைக்க முடியாது என்றார். பாக்கியம் இடுப்பில் படங்குச் சாக்கும் தலையில் கம்பளியுமாகக் கொழுந்து எடுத்தாள். அட்டை கடித்த காலோடு வந்து அடுப்படியில் உட்காருவாள். நீ பிறந்தபோது உன்னைக் குளிப்பாட்டியது அவள்தான். வேலை விட்டு வந்ததும் கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு முதலில் உன்னைத்தான் தூக்குவாள். ஊருக்குப் போகணும் அக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் உன் அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். ஒருத்தியை விட்டால் மற்ற எல்லாரும் கேட்பார்கள் என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் இரு என்று அவளிடம்தான் சொன்னேன். அது எளிதாக இருந்தது.

இனி எழுதப்போவதைப் பற்றி உன் அப்பா சாகும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது கிடையாது. உனக்குப் பத்து மாதம். ஒரு நாள் காலை பெரட்டுக்குப் போகாமல் பாக்கியம் வந்தாள். உன்னை என் மடியில் போட்டாள். “நான் போறேன்க்கா. கினிகத்தேனை ரோட்டைப் புடிச்சுக் கீழ எறங்கிட்டா கொழும்புக்கு வண்டி போகும்னாங்க. உங்கிட்ட சொல்லாம போக மனசு வரல” என்றாள். கையில் ஒரு சின்ன மூட்டை. நான் அழுதேன், இரண்டு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன், அனுப்பினேன். அவள் வளைவில் மறைந்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஊருக்குப் போவாள். படித்துறையில் தண்ணிக்கு வருகிற பெண்கள் சுற்றிக்கொண்டு கேட்பார்கள். உன் அக்காவுடைய அட்டிகை எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அந்த நகை இரவல் என்று அவள் சொல்லிவிடுவாள். மேல்படியில் நின்ற என்னை ஊரே காறித் துப்பும். எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான் வந்தது, தம்பி. அவள் எப்படிப் போய்ச் சேருவாள், வழியில் என்ன சாப்பிடுவாள் என்ற நினைப்பு வரவில்லை. மத்தியானம் உன் அப்பா சாப்பிட வந்தார், பாக்கியம் எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கினிகத்தேனை வழி என்று நான்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் உன் அப்பா அனுப்பிய ஆட்கள் அவளைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். கினிகத்தேனையில் ஒரு சிங்களக் கடைக்காரி அவளை உள்ளே உட்கார வைத்துச் சோறு போட்டு, கால் புண்ணுக்கு மருந்து கட்டியிருக்கிறாள். முன்பின் தெரியாதவள் செய்தது அது. பாக்கியம் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். அடித்திருந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினேன். அவள் கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி ஒன்று சொன்னாள். “நான் ஊருக்குப் போயி எதையும் சொல்லியிருக்க மாட்டேன்க்கா.” அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதற்காகக் காட்டிக்கொடுத்தேன் என்றுகூடத் தெரிந்திருந்தது. அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. உன்னைத் தூக்குவாள், கொஞ்சுவாள், வைத்துவிட்டுப் போவாள். அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் மலையில் விழுந்தாள். நாலு பேர் சாக்கில் தூக்கி வந்தார்கள். சளி நெஞ்சில் கட்டிவிட்டது என்றார் மருந்துக்காரர். வாய்க்காலுக்கு மேலே தேயிலைக்கு நடுவில் புதைத்தோம். கல் கிடையாது. ஐந்தாம் வருஷம் அதன்மேலும் தேயிலை வைத்துவிட்டார்கள். இடம் எனக்கு மட்டும் தெரியும்.

அவள் போன மறு பொங்கலுக்கு உன் அப்பா எனக்குச் சொந்தமாக அட்டிகை வாங்கிப் போட்டார், நாங்கள் கூட்டி வந்த ஜனங்கள் மழையில் நின்றதில் வந்த சம்பாத்தியத்தில். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நீ பெருமையாக எழுதியிருக்கும் அட்டிகை அதுதான். உன் அப்பாவை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதே. அவர் செய்தது அவர் அப்பாவிடம் கற்ற தொழில். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நீயும் எளிதில் கற்றுக்கொண்டாய். தேயிலை விலை விழுந்தபோது துரை பேர் வெட்டி ஆட்களை நிறுத்தச் சொன்னார். பெரட்டில் நின்று நீதான் பெயர்களை வாசித்தாய். நாற்பது வருஷம் இந்த மலையில் கிடந்தவர்கள் சட்டிபானையோடு தலவாக்கலை ரயிலடியில் நின்றார்கள். எங்களோடு நடந்து வந்த முப்பத்திரண்டு பேரில் மிஞ்சியிருந்த கடைசிக் கிழவர் உன்னிடம், “எந்த ஊருக்குப் போறதுன்னு சொல்லிட்டு அனுப்புங்க, தம்பி” என்றார். நீ பேர் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாய். அன்றைக்கே நான் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு விலை ஏறிவிட்டது, மறுபடி ஆள் வேண்டும். அந்தக் கிழவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று அங்கே விசாரித்தாயா? உன் கடிதத்தில் அதைத் தேடினேன், இல்லை. ஓட்டுக்குப் பெயர் பதிய வந்தவர் உன்னிடம் சொந்த ஊர் எது என்று கேட்டபோது நீ என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஊரில் மேர் அலுவலகப் பிறப்புப் பதிவுப் புத்தகத்திலும் உன் பெயர் கிடையாது, உன் அப்பா பதியவில்லை. எதற்கும் சொந்தமில்லாத நீ அந்தப் பதினைந்து குடும்பத்தையும் அதே மாதிரி ஆக்கக் கிளம்பியிருக்கிறாய்.

கல் வைப்பதானால் வை. நம் குடும்பப் பெயர் அதில் வேண்டாம். படித்துறை கட்டியவன் பெயர் எதற்கு, அதில் இறங்கிப் போனவர்கள் பெயரைத் தேடு. என் அப்பாவுடைய ஓடத்தில் ஏறியவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. எங்களோடு நடந்தவர்களில் இருபத்தாறு பேர் பெயர் ஞாபகம் இருக்கிறது, இதோடு தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இடம் போதவில்லை என்று கல்தச்சர் சொன்னால் பாக்கியம் என்று மட்டும் வெட்டச் சொல். அதையும் செய்ய முடியாது என்றால் கல்லை ஆற்றில் தள்ளிவிட்டு வா. அந்தப் பதினைந்து குடும்பத்தில் ஒன்றைக்கூட நீ கூட்டி வருவதாக இருந்தால் இந்த வீட்டுக்கு வராதே. இதை நான் அழாமல்தான் எழுதுகிறேன்.

குடமுழுக்குக்கு வரச் சொன்னாய். வருகிறேன். டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன், நீ ஆள் அனுப்ப வேண்டாம். டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்புக் கம்பளி இருக்கிறதே, நீ சின்ன வயதில் அதைப் போர்த்தினால்தான் தூங்குவாய், உன்னுடையது என்று சண்டை பிடிப்பாய், அது பாக்கியத்தினுடையது. கடைசி நாள் மலையில் அவள் தலையில் இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, வெறுங்கழுத்தோடு மேல்படியில் நிற்பேன். பெண்கள் தண்ணிக்கு வருவார்கள். அக்கா, அங்க எல்லாருக்கும் இப்படித்தானா என்று எவளாவது ஒருத்தி கட்டாயம் கேட்பாள்.

ஆமா என்று சொல்வேன்.

உன் அம்மா